'சுவையான' என்று போட வேண்டாம்

அக்காவின் கடைக்கு நான் அடித்துக் கொடுத்த நோட்டீஸ் எதிலும் 'சுவையான' என்ற சொல் கிடையாது. 'தரமான' கிடையாது. 'ஒருமுறை வந்தால் மறுமுறையும் வருவீர்கள்' கிடையவே கிடையாது.

நடுவட்டத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என்னுடைய கடை. நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துணி பேனர் செய்து கொடுப்பேன். எங்கள் நீலகிரி மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் ஃப்ளெக்ஸ் பேனருக்கு வேலை இல்லை, எல்லாம் துணிதான். கொரோனாவுக்குப் பிறகு போனில் விளம்பரம் போட்டுக் கொடுக்கவும் கற்றுக்கொண்டேன். அக்காவின் சாப்பாட்டுக் கடை நாலு கடை தள்ளி இருந்தது. அவரும் அவர் வீட்டுக்காரரும் நடத்தினார்கள். வீட்டுக்காரரை ஊரே பாய் என்று கூப்பிட்டது, அக்காவைப் பாயம்மா என்று. எனக்கு மட்டும் அக்கா. இப்போது முழங்கால் வலி தாங்காமல், குளிரில்லாத ஊரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

முதல் தடவை என் கடைக்கு வந்தபோது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு ஒரு நோட்டீஸ் வேண்டும் என்றார். நான் வழக்கம்போல 'மணமணக்கும் சிக்கன் பிரியாணி' என்று தட்டினேன்.

"மணக்குதா இல்லையான்னு திங்கறவங்க சொல்லட்டும். நீ ஏங் கண்ணு சொல்ற?"

"எல்லாரும் இப்படித்தானுங்கக்கா போடுவாங்க."

"போடட்டும். வந்து உக்காந்து திங்கறவங்க மூஞ்சிய நாந்தான பாக்கோணும்? நீயா வந்து பாப்ப?"

கடைசியில் அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த நோட்டீஸ் இப்படி இருந்தது: 'ஞாயிறு மதியம் சிக்கன் பிரியாணி. ஒரு தேக்சாதான் செய்வோம். தீர்ந்தால் இல்லை. வெள்ளி மதியம் தொழுகைக்குக் கடை மூடியிருக்கும். மழை நாளில் ஜன்னல் ஓரத்து மேசையில் ஒழுகும். அங்கே உட்கார வேண்டாம்.'

அதை வாசித்துவிட்டு பாய் என் கடை வாசலிலேயே தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒழுகறத எதுக்குடீ நோட்டீஸ்ல போட்ட?" "ஒழுகுதுல்ல?" என்றார் அக்கா. அவ்வளவுதான் பதில்.

அந்த நோட்டீஸை பாய்தான் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினார். எங்கள் ஊர் மூடுபனியில் பசை காய்வதற்குள் பாதி உரிந்துவிடும். மீதியை மைதா ருசிக்காகக் குரங்கு கிழித்துத் தின்னும். அப்படியும் நாலு பேர் வாசித்திருக்க வேண்டும். அடுத்த மழைக்கு ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்ததும் வராததுமாக, "ஒழுகற மேசை எதுங்க?" என்று கேட்டு, தள்ளிப் போய் உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

உண்மை பேசுகிறவர் என்று கேட்பதற்கு நன்றாக இருக்கும். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் செய்த பச்சை பேனரைப் பார்த்து, "மாடு அசை போட்டுத் துப்புனாப்புல இருக்குது கண்ணு" என்றவர் அவர். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, அந்த வீட்டார் வழியில் டீ குடிக்க அக்கா கடையில் இறங்கி என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். "நல்ல புள்ளைங்க. வேலைல கெட்டி. கோவம் வந்தா மட்டும் ரெண்டு நாளைக்குப் பேசாதுங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது சரியென்று ஆகிவிடக் கூடாதே என்று மூன்றாவது நாளும் பேசவில்லை. அந்தச் சம்பந்தம் நடந்தது. என் கணவர் இன்றைக்கும் சொல்வார், பெண் பார்க்க வந்ததில் நம்பும்படி இருந்தது அந்த ஒரு பேச்சுதான் என்று.

போனில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கலாம் என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "ரோட்டுல ஒட்டுனா ரோட்டுல போறவங்க பாக்கறாங்க. போன்ல போட்டா?" என்று கேட்டார். மைசூரிலும் பெங்களூரிலும் கிளம்புவதற்கு முன்பே பார்ப்பார்கள் என்றேன். "அப்ப அவங்க வந்து ஏமாறக் கூடாது" என்றார். பிரியாணிப் பானையான தேக்சாவைத் திறந்து, அதை அப்படியே படம் எடுக்கச் சொன்னார். கரி பிடித்த தேக்சா. பின்னால் அடுப்பு, விறகு, பாயின் பாதி முதுகு. அழகான படம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

வந்தவர்கள் அபிப்பிராயம் எழுதினார்கள். அதற்கெல்லாம் பதில் போட வேண்டும் என்று நான் சொன்னதில்தான் என் தலைவலி ஆரம்பமானது. மாலையில் வியாபாரம் தணிந்ததும் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் வாசிக்க, அவர் பதில் சொல்ல, நான் தட்ட வேண்டும்.

"டாய்லெட் ரொம்ப தூரம்னு ஒருத்தர் எழுதியிருக்காருங்கக்கா. ரெண்டு ஸ்டார்தான்."

"தூரந்தான? எழுது. ஆமாங்க, தூரந்தானுங்க. மழை பேஞ்சா கடைல கொடை இருக்குதுங்க, கேட்டு வாங்கிக்குங்க."

"பரோட்டா ரப்பர் மாதிரி இருந்துச்சாம்."

"என்னைக்கு வந்தாங்க?" தேதியைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அன்னைக்கு மாவு சரியில்ல. மாஸ்டர் லீவு. நாந்தான் போட்டேன். எழுது, நாந்தானுங்க போட்டேன், எனக்குப் பரோட்டா வராதுங்க."

இந்தப் பதில்களை வாசிப்பதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. சீசன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. தேக்சா மதியத்துக்கெல்லாம் காலி. பெங்களூரிலிருந்து இதற்காகவே வந்தோம் என்று சொல்லி, வெறும் டீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

இரண்டாவது தேக்சா வைக்கச் சொல்லி பாய் நச்சரித்தார். "எங் கைக்கு ஒண்ணுதான் அடங்கும்" என்று அக்கா தள்ளிக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளோடு நின்ற ஒரு கூட்டத்தைத் திருப்பி அனுப்ப மனசு வராமல், சரி என்று சொல்லிவிட்டார். பாய் கூடலூருக்குப் போன் செய்து கோழி வரவழைத்தார். சீசன் நெரிசலில் அதை ஏற்றி வந்த ஜீப் வளைவுகளில் நின்று நின்று வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தது. அக்கா கறியை மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்து பார்த்தார். வெளியே ஆட்கள் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசியைப் போட்டார். தம் போட்டு, வழக்கமான நேரத்துக்கு முன்பே மூடியைத் திறந்தார். இவ்வளவும் அவரே பிறகு எல்லோரிடமும் சொன்னது.

திங்கட்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது அக்கா என் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு, கம்ப்யூட்டரப் போடு. ஒரு நோட்டீஸ் அடிக்கோணும்."

"என்னாச்சுங்கக்கா?"

"ரெண்டாவது தேக்சா சரியில்ல. அதுல தின்ன டிரைவருங்க ரெண்டு பேரு ராத்திரி முச்சூடும் வாந்தி. எங்கூட்டுக்காரரும் படுத்துக் கெடக்குறாரு. மொதத் தேக்சாவுல தின்ன யாருக்கும் ஒண்ணுமில்ல. கேட்டுட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. இதற்கு எதற்கு நோட்டீஸ்?

"பார்சல் நெறையாப் போயிருக்குது கண்ணு. எஸ்டேட் லைனுக்குப் போயிருக்குது. அங்க ராத்திரி வச்சிருந்து காலைல சூடு பண்ணித் திம்பாங்க. கொழந்தைங்களுக்கு ஊட்டுவாங்க."

நான் அடிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, தெரிஞ்சவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லலாம். நோட்டீஸ் ஒட்டினா கடை போயிருமுங்க."

"தெரிஞ்சவங்களுக்குச் சொல்லலாம். தெரியாதவங்களுக்கு?"

போர்வையைப் போர்த்திக்கொண்டு பாய் வந்துவிட்டார். அவரால் நிற்க முடியவில்லை. என் கடைப் படியில் உட்கார்ந்தார். "நம்ம கடைய நாமளே மூடறதா? நாலு பேருக்கு வயித்தால போச்சு, ரெண்டு நாள்ல சரியாப் போகும். யாருக்குத் தெரியும் நம்ம பிரியாணின்னு?"

"எனக்குத் தெரியும்ல?" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "மோந்து பாத்தது நானு. சந்தேகமா இருந்துச்சு. இருந்தும் போட்டேன். நீங்க சொல்லிப் போடல, நாந்தான் போட்டேன்."

பாய் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் அடித்தேன்.

'நேற்று ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் எங்கள் கடையில் பிரியாணி சாப்பிட்டவர்களும் பார்சல் வாங்கியவர்களும் கவனிக்கவும். அந்தப் பிரியாணி கெட்டுவிட்டது. மீதம் இருந்தால் கொட்டிவிடுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தைகளுக்கு ஒரு வாய் கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தவறு எங்களுடையது.' கீழே கடையின் பெயர், போன் நம்பர். கடையின் பெயரை வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். எந்தக் கடை என்று தெரியாமல் யாரும் விட்டுவிடக் கூடாது என்றார்.

ஒட்டுவதோடு நிற்கவில்லை. தேர்தலுக்கு வாடகைக்குப் போகும் மைக் செட்டை ஒரு ஜீப்பில் கட்டச் சொன்னார். தொழிலாளர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன்கள் இருப்பது பள்ளத்தில். அங்கே போனில் சிக்னல் பிடிக்காது. நோட்டீஸை ஃபேக்டரி கேட்டிலும் தண்ணீர்க் குழாய் பக்கத்திலும் ஒட்டலாம். ஆனால் இலை பறிக்கப் போனவர்கள் மாலைதான் திரும்புவார்கள். மைக் என்றால் தேயிலைக்கு நடுவில் நிற்பவர்களுக்கும் கேட்கும். யாரைப் பேசச் சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவரே ஏறி உட்கார்ந்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டே பாய் வண்டியை எடுத்தார்.

அவர் மைக்கில் பேசியது அன்றுதான் முதல் தடவை. வளைவுக்கு வளைவு அந்தக் குரல் மலையில் மோதித் திரும்பி வந்து என் கடை வரைக்கும் கேட்டது. "நான் பாயம்மா பேசறேனுங்க. நேத்து எங்க கடைல பிரியாணி வாங்குனீங்கல்ல, அது கெட்டுப் போச்சுங்க. திங்காதீங்க. கொட்டிருங்க. புள்ளைங்களுக்குக் குடுத்துராதீங்க." எழுதிக் கொடுத்ததை அவர் வாசிக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருந்தார். "நேத்து வந்தவங்கள்ல பாதிப் பேரு கார்ல வந்தவங்க. ஊருக்கே போயிருப்பாங்க. பிரியாணிக்கு வாங்கன்னு அவங்க போனுக்குப் போச்சுல்ல, அதே வழியா இதுவும் போகுமா?"

போகும். இதற்கு முன்னால் கடையின் விளம்பரத்தை எந்த ஊர்களுக்கு அனுப்பினேனோ, அதே ஊர்களுக்கு அந்த நோட்டீஸையே விளம்பரமாகப் போட்டேன். கன்னடத்தில் எழுதித் தந்தவர் மைசூர் பஸ்ஸின் கண்டக்டர். வாசித்துவிட்டு, "இதுக்கு விளம்பரமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மதியத்துக்கு மேல், அக்கா என்னிடம் விட்டுப்போன கடை போனில் பெங்களூரிலிருந்து ஒரு பெண் பேசினாள். மலை இறங்கும்போதே அவள் மாமனாருக்கு வாந்தி தொடங்கியிருக்கிறது. வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர். போனில் நோட்டீஸைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாருங்க" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவும் செய்தாள். அதன் பிறகு, "அந்தம்மா கிட்டச் சொல்லுங்க, பொழச்சுக்கிட்டாருன்னு" என்று வைத்துவிட்டாள்.

கீழ் லைனில் தனம் என்று ஒரு பெண். இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள் கணவன் ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்சல் வாங்கிக் கொண்டுபோயிருக்கிறான். காலையில் தனம் அதில் இரண்டு வாய் தன் மகள் யாழினிக்கு ஊட்டிவிட்டு, பிள்ளையை எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு இலை பறிக்கப் போயிருக்கிறாள். தேயிலைக் காட்டில் பாதி பறித்து நிற்கும்போது மைக் சத்தம். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பிள்ளை துவண்டு கிடந்தது. மைக் கட்டிய அதே ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் தனம் அக்காவைத் திட்டிக்கொண்டே வந்ததாக பாய் சொன்னார். அக்கா பிள்ளையின் காலை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

யாழினிக்கு டிரிப் ஏற்றினார்கள். மூன்று நாளில் எழுந்து உட்கார்ந்தாள். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. அதிகாரிகள் வந்தார்கள். எதை எப்படிச் செய்தோம் என்று அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். கடை மூடப்பட்டது. போனில் அந்த விளம்பரம் எங்கெங்கோ போய்ச் சுற்றியது. 'வயிற்றுப்போக்குக்கு விளம்பரம் கொடுத்த முதல் ஹோட்டல்' என்று கேலி செய்தார்கள். அதை அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. வேறு யாரோ காட்டிவிட்டார்கள். "சிரிச்சா சிரிக்கட்டும் கண்ணு. படிச்சுட்டுத்தான சிரிக்கறாங்க?" என்றார். ஆனால் அந்த வாரங்களில் அவர் பாதியாகிவிட்டார். அடுப்படியில் போய் நின்றுவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவார் என்று பாய் சொன்னார்.

மறுபடி திறக்க அனுமதி கிடைத்ததும் ஒரு நோட்டீஸ். 'கடை திறந்திருக்கிறது' என்று மட்டும் போடலாம் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. 'எங்கள் பிரியாணியால் உடம்பு கெட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். இனி ஒரு தேக்சாவுக்கு மேல் இல்லை' என்பதையும் சேர்த்துத்தான் அடித்தேன். முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் அந்த இரண்டு டிரைவர்களும்தான் சாப்பிட்டோம். தேக்சாவில் பாதிக்கு மேல் மிஞ்சியது. மாலையில் அக்கா அதைக் குழி தோண்டிப் புதைத்தார். அடுத்த வாரம் சிறிய பாத்திரம் வைத்தார். ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பினார்கள். பழைய கூட்டம் கடைசிவரை வரவில்லை.

தனம் வரவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வாள். அக்கா வெளியே வந்து, "கொழந்த நல்லாருக்குதா?" என்று கேட்பார். "இருக்கு" என்பாள். வேறு பேச்சு கிடையாது. மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது.

பிறகு ஒரு நாள் தனத்துக்குப் பேங்கில் ஏதோ வேலை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க முடியாமல், நேராக அக்கா கடைக்கு வந்தாள்.

"பாயம்மா, புள்ளய கொஞ்சம் வச்சுக்குங்க. வரிசைல தூக்கிட்டு நிக்க ஏலாது."

அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு. சாப்பிட மட்டும் எதுவும் குடுத்துராதீங்க."

நான் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. அக்கா தலையாட்டினார். "குடுக்க மாட்டேன் கண்ணு. நீ போய்ட்டு வா." பிள்ளை அடுப்பைக் காட்டிக் காட்டிக் கேட்டது. "உங்கம்மா சொல்லட்டும்" என்று சொல்லிக்கொண்டே தோளில் போட்டுத் தட்டினார். அதன்பின் தனம் கடைவீதிக்கு வரும்போதெல்லாம் யாழினி அக்காவின் இடுப்பில்தான். ஒரு பிஸ்கட்கூட அவர் கொடுத்ததில்லை.

அடுத்த சீசனுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனம் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்தாள். உள்ளே போய் உட்கார்ந்து, "எனக்கு ஒரு பிரியாணி குடுங்க" என்றாள். அக்காவே கொண்டுபோய் வைத்தார். தனம் மெதுவாகச் சாப்பிட்டாள். முழுதும் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்தவளிடம் பாய் ஆர்வமாக, "புள்ளைக்கு ஒரு பார்சல் கட்டட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க. இன்னிக்கி நான் சாப்பிட்டிருக்கேன். பாத்துட்டுச் சொல்றேன்."

பாயின் முகம் விழுந்துவிட்டது. "அதான் சரி" என்றார் அக்கா. "பாத்துட்டுச் சொல்லு."

மறுநாள் காலை தனம் யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். பிள்ளைக்குத் தலை சீவி, பூப்போட்ட கவுன் போட்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவல பாயம்மா. புள்ளைக்கிக் கொஞ்சம் இருக்கா?"

திங்கட்கிழமை. அந்தக் கடையில் திங்கட்கிழமை பிரியாணி இருந்ததே கிடையாது.

அக்கா திரும்பி பாயைப் பார்த்தார். பாய் ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கறிக்கடைக்கு நடந்தார். "நேரமாகும்" என்றார் அக்கா தனத்திடம். "பரவால்லங்க, உக்காந்திருக்கோம்" என்றாள் தனம். அக்கா உள்ளே போய், மேலே இருந்த சின்னப் பாத்திரத்தை எட்டி எடுத்தார்.